வெளுத்துப் போன வாசல் கதவுகள்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எதையெதையோ பார்க்கிறார்கள். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். ஆகாய கங்கை அருவியில் குளிக்கிறார்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் போகிறார்கள். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். வழியில் இருக்கும் வீடுகளின் கதவுகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கதவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் நிறையவே இருக்கிறது!

மலையில் பல வீடுகளின் வாசல் கதவு சாம்பல் நிறத்தில் வெளுத்துப் போயிருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கீழ்ப்பக்கம் கறுத்திருக்கும். ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மை கொட்டியது போல ஒரு கறை. சில கதவுகளில் பழைய பச்சை பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து நிற்கும். பார்க்கிறவர்கள் உடனே சொல்லும் வார்த்தை, "கதவு போச்சு" என்பதுதான். அடுத்த மாதமே அந்த இடத்தில் ஒரு இரும்புக் கதவு வந்துவிடுகிறது. பழைய கதவு அடுப்புக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ போய்விடுகிறது.

அப்படிப் போகும் கதவுகளில் பெரும்பாலானவை உண்மையில் கெட்டுப் போனவை அல்ல. மேல்தோல் மட்டும்தான் போயிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ஒரு நல்ல கதவு இன்னும் ஒரு தலைமுறைக்கு வாசலில் நிற்கும்.

வெளுப்பது ஏன்?

மரத்தை ஒரு கட்டுக்கோப்பாக நினைத்துப் பாருங்கள். உள்ளே செல்லுலோஸ் என்ற நார்கள் இருக்கின்றன. அந்த நார்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். செங்கலுக்கு நடுவில் பூசும் கலவை மாதிரி. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் இந்த லிக்னினைத்தான் முதலில் உடைக்கின்றன. உடைந்த லிக்னினை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் நிற்பது வெளுத்த நார்கள் மட்டும். அதன் மேல் ஈரத்தில் வளரும் கரும்பூஞ்சையும் சேர்ந்தால், அதுதான் அந்தச் சாம்பல் நிறம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1910-ல் தொடங்கப்பட்ட வனப்பொருள் ஆய்வகம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. எந்தப் பூச்சும் இல்லாமல் வெளியில் நிற்கும் மென்மரங்களே நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் தேயும் என்பது அங்கே கண்ட கணக்கு. அடர்த்தியான மரங்கள் அதைவிடக் குறைவாகத் தேயும். நம் ஊர்க் கதவுப் பலகையின் கனம் ஒரு அங்குலத்துக்குக் குறையாது. சட்டங்களின் கனம் இன்னும் அதிகம். அப்படியானால் இருபது, முப்பது ஆண்டு வெயிலில் போனது எவ்வளவு? இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, அவ்வளவுதான்.

மரத்தை உண்மையில் கொல்வது வெயில் கிடையாது. தேங்கி நிற்கும் ஈரம்தான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுக வைக்கும் பூஞ்சை வளராது. அதற்கு மேல் ஏறி, பல நாள் காயாமலே இருந்தால்தான் அழுகல் தொடங்கும். எனவே ஒரு கதவின் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. நனைந்த கதவு காய்வதற்கு வழி இருக்கிறதா?

மலையின் வெயிலும் பனியும்

இந்த இடத்தில்தான் கொல்லிமலை, சமவெளியில் இருந்து மாறுபடுகிறது. மலையின் மேல்தளம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மலை வெயிலை லேசாக நினைக்கக் கூடாது. மேகம் இல்லாத நாளில் அது நாமக்கல் வெயிலைவிடக் கதவுக்குக் கடுமையானது.

அதோடு மழை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பனி. மார்கழிக் காலையில் கதவில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். காலையில் நனைந்து, மத்தியானம் காய்ந்து, மறுபடி இரவில் நனைகிறது. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் அகலவாக்கில்தான் அதிகம், நீளவாக்கில் மிகமிகக் குறைவு. மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் கோடையில் இடுக்கு விழுவதும் இதனால்தான். பழைய ஆசாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். சட்டத்தில் காடி எடுத்து, பலகையை ஒட்டாமல் அந்தக் காடிக்குள் சும்மா நுழைத்து வைத்தார்கள். பலகை உப்பவும் சுருங்கவும் இடம் விட்ட வேலை அது. காடியில் பட்டி வைத்து அடைத்தால் பலகை நகர முடியாமல் நடுவில் வெடிக்கும்.

கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். கொல்லிமலை வடக்கே 11 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். மற்ற எட்டு மாதமும் தெற்குப் பக்கம். ஆகவே தெற்கு வாசல் கதவு வெயிலில் அதிகம் வெளுக்கும். வடக்கு வாசல் கதவு அதிகம் வெளுக்காது, ஆனால் காய்வது தாமதமாகும், கரும்பூஞ்சை பிடிக்கும். மேற்கு வாசலுக்குச் சாய்ந்த வெயிலும் தென்மேற்குச் சாரலும். கிழக்கு வாசலுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஒரே ஊரில், ஒரே மரத்தில், ஒரே ஆசாரி செய்த இரண்டு கதவுகள் வேறு வேறு மாதிரி கிழடு தட்டுவதற்கு இதுதான் காரணம்.

கூரைதான் முதல் பாலிஷ்

பழைய கூரை வீடுகளில் இறவாரம் தாழ்வாக இறங்கியிருக்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தலையில் இடிக்கிறது என்று குறை சொல்வார்கள். ஆனால் அந்தத் தாழ்வான இறவாரம்தான் கதவுக்குக் குடை பிடித்தது. வெயிலும் நேராகப் படாது, சாரலும் அடிக்காது. கான்கிரீட் வீடு வந்ததும் இறவாரம் போய், ஒன்றரை அடி சன்ஷேடு வந்தது. சில வீடுகளில் அதுவும் கிடையாது. பழைய கதவை அதே ஆசையோடு எடுத்து வந்து புது வீட்டில் மாட்டுகிறார்கள். ஐம்பது ஆண்டு நன்றாக இருந்த கதவு ஐந்தே ஆண்டில் வெளுத்து விடுகிறது. உடனே மரத்தின் மேல் பழி!

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அந்த அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரித்து வருகிறது. பெரும்பகுதி மர வேலை. அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் பலா மரத்தில் செதுக்கிய தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. கொல்லிமலையைவிட மழைக்குக் குறைவில்லாத ஊர் அது. அந்த மரம் எப்படி நிலைத்தது? சரிந்த ஓட்டுக் கூரையும், சுவரைத் தாண்டி நீளும் இறவாரமும் மழையைத் தூரத்திலேயே தள்ளி விடுவதால்தான். செட்டிநாட்டு வீடுகளிலும் பர்மா தேக்கில் இழைத்த தலைவாசல் கதவு தெருவில் நிற்பதில்லை. திண்ணை, முகப்பு எல்லாம் தாண்டி நிழலில் இருக்கும்.

ஆகவே கதவுக்குச் செலவு செய்ய நினைப்பவர்கள் முதலில் மேலே பார்க்க வேண்டும். கதவுக்கு மேல் இரண்டரை அடி, மூன்று அடி நீளத்துக்கு ஓடோ தகரமோ சரிவாகப் போட்டால் போதும். எந்த பாலிஷும் அந்த வேலையைச் செய்யாது.

ஆசையில் செய்யும் தவறுகள்

முதலாவது, பளபளப்பு ஆசை. கடையில் கேட்டு, கண்ணாடி மாதிரி மின்னும் வார்னிஷ் வாங்கி வந்து வெளுத்த மரத்தின் மேல் அப்படியே அடிப்பார்கள். நான்கு மாதம் அழகாக இருக்கும். நிறமில்லாத வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய் அடியில் இருக்கும் மரத்தை வெளுக்கும். மரம் உப்பிச் சுருங்கும்போது வார்னிஷ் படலம் கூடவே நீளாமல் விரியும். விரிசலில் தண்ணீர் போகும், வெளியே வர வழி இருக்காது. பிறகு உரியும். படலம் கனமாக இருந்தால் உரிவதும் மோசமாக இருக்கும்.

இரண்டாவது, சாம்பல் தோலை எடுக்காமல் பெயிண்ட் அடிப்பது. பிடிப்பில்லாத நார்களின் மேல் பெயிண்ட் ஒட்டுகிறது. நார் உதிர்ந்தால் பெயிண்டும் உதிரும். புழுதி மேல் ஒட்டிய சுவரொட்டி எவ்வளவு நாள் நிற்கும்?

மூன்றாவது, சமையலறை எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவினால் மரம் கறுப்பாக அழகாகத் தெரியும், உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் காயும் எண்ணெய் அல்ல. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைப் பிடிக்கும். மலை ஈரத்தில் பூஞ்சைக்கும் அது விருந்து. ஆளிவிதை எண்ணெய் மாதிரிச் சில எண்ணெய்கள்தான் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகும்.

நான்காவது, வண்டியில் இருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில். கறையான் வராது என்று சொல்லித் தடவுகிறார்கள். அதில் இருக்கும் உலோகத் துகள்களும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் குழந்தைகள் கை வைக்கும் கதவில் இருக்கக் கூடாதவை. அதன் பிறகு வேறு எந்தப் பூச்சும் அந்த மரத்தில் ஒட்டாது என்பது தனிக் கதை.

பச்சைப் பெயிண்டுக்குள் இருக்கும் ஆபத்து

இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. அதற்கு முன்பு அடித்த பெயிண்ட் எல்லாமே சந்தேகத்துக்கு உரியதுதான்.

கதவில் ஒட்டியிருக்கும் வரை அது பெரிதாகத் தொல்லை தராது. காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வரும் தூசியும், நெருப்பு காட்டிச் சுரண்டும்போது வரும் புகையும்தான் விஷம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே அளவு ஈயம் உள்ளே போனாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி பாதிக்கும். போனது திரும்பாது.

ஆகவே பழைய பெயிண்ட் இருந்தால் அதை ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும். கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, செதில்களை ஒன்று விடாமல் கூட்டி எடுத்துக் கட்டி வைக்க வேண்டும். அடுப்பில் போடக் கூடாது. ஈயத் தூசியைத் தடுக்கும் என்-100 அல்லது பி-100 முகமூடி வேண்டும், வெறும் துண்டு போதாது. வேலை முடிந்ததும் சட்டையைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். பெயிண்ட் உரிந்த பழைய கதவை விறகாக எரிப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது. அந்த அடுப்பின் பக்கத்தில்தானே குழந்தை உட்கார்ந்திருக்கிறது!

வேலையைத் தொடங்குமுன்

"கதவு போயிருச்சுங்க ஆசாரி, இரும்புல போட்டுரலாமுங்களா?" என்று கேட்டால், அனுபவமுள்ள ஆசாரி உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு ஆணியை எடுத்துக் கதவின் அடிச்சட்டத்தில் நான்கு இடத்தில் குத்திப் பார்ப்பார். ஆணி ஒரு நூல் அளவுக்கு மேல் இறங்கவில்லை என்றால், "மேல்தோலுதானுங்க போயிருக்குது, உள்ள வைரம் அப்படியே இருக்குது" என்பார். பஞ்சு மாதிரி இறங்கினால் அந்த இடம் அழுகல். அழுகிய பகுதியை மட்டும் அறுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போட முடியும். நிலையின் கால்களும் அடிச்சட்டமும் முழுக்கப் பஞ்சாகி இருந்தால் மட்டும் கதவை மாற்றலாம். அதில் தவறில்லை.

எப்போது செய்வது என்பதும் கேள்வி. போகி, பொங்கல் என்றால் எல்லோருக்கும் வெள்ளையடிக்கும் ஆசை வரும். சமவெளியில் சரி. மலையில் தை முதல் வாரத்தில் பனி இன்னும் விட்டிருக்காது. மரத்துக்குள் ஈரம் இருக்கும்போது மேலே பூச்சு போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகும். மாசிக் கடைசியும் பங்குனியும்தான் கொல்லிமலைக் கதவுக்கு நல்ல காலம். கோடை மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம். ஆடி பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா வரும்போது மலைக்கு விருந்தாளிகள் வருவார்கள், அதற்காகக் கதவை அழகுபடுத்த நினைப்பவர்களும் பங்குனியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஆடிச் சாரலில் எந்தப் பூச்சும் காயாது.

வாசல் கதவை இரவில் கழற்றி வைக்க யாருக்கும் மனம் வராது. அதனால் காலையில் கழற்றி மாலையில் மாட்டும்படி வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காயவிடும் நாளும் சேர்த்து ஒரு வாரமாவது இப்படி ஆகும்.

வேலை நடக்கும் விதம்

முதல் நாள், கழுவுவது. சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், மென்மையான நார்களைக் கீறிவிடும், ஒடிந்த கம்பித் துண்டுகள் பிறகு துருக்கறை வைக்கும். கரும்பூஞ்சை இருந்தால் ப்ளீச்சிங் கரைசலை நீர்க்கக் கலந்து தடவி, கால் மணி நேரத்தில் நன்றாகக் கழுவ வேண்டும். ஆணியைச் சுற்றி இருக்கும் மைக்கறை, மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டானது. அதற்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் கேட்கும். அது விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு தடவி, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ப்ளீச்சிங்கையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். கழுவிய கதவு இரண்டு, மூன்று நல்ல வெயில் நாள் காய வேண்டும்.

அடுத்து, தேய்ப்பது. 60 அல்லது 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120-ல் முடித்தால் போதும். ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல், எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். இன்னும் வழவழப்பாக்க வேண்டும் என்று 200, 300 எண் தாள் போடத் தேவையில்லை. வெளிக்கதவுக்கு எண்ணெய் இறங்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் சொரசொரப்பு நல்லது. சாம்பல் தோல் போனதும் உள்ளே இருக்கும் நிறம் தெரியும். பலா மரம் என்றால் மஞ்சள். தஞ்சாவூர் வீணை செய்யும் அதே மரம்தான். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறியிருந்த மரம், தோலை எடுத்ததும் புதிதாய் அறுத்தது போல மஞ்சளாகச் சிரிக்கும்! கதவு போய்விட்டது என்று சொன்னவர்கள் அதைப் பார்த்துத்தான் வாய் மூடுவார்கள்.

தேய்த்த மரத்தை வாரக்கணக்கில் சும்மா வெயிலில் விடக் கூடாது. இரண்டு, மூன்று வாரத்திலேயே மேல்தோல் மறுபடி தளரத் தொடங்கும். அதன் பிறகு போடும் பூச்சின் பிடிப்பு குறையும்.

பிறகு பூச்சு. வெளிக்கதவுக்கு என்றே வரும், நிறமும் பூஞ்சைத் தடுப்பும் கலந்த, மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்த ஆளிவிதை எண்ணெய் என்று கடையில் விற்பதை வாங்கலாம். ஆனால் வெறும் ஆளிவிதை எண்ணெயில் மலை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். அதனால் முதலில் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை மரத்தில் தடவிக் காயவிட வேண்டும். அது மழையில் கரையும் என்பதால் அதன் மேல் எண்ணெய் கட்டாயம். எண்ணெயில் கொஞ்சம் காவிப் பொடி கலந்துகொள்ளலாம்.

காவியா என்று சிரிக்க வேண்டாம். காவி என்பது இரும்பு ஆக்சைடு. புற ஊதாக் கதிரை மரத்துக்குப் போக விடாமல் தடுக்கும் மலிவான பொருள்களில் அது ஒன்று. சுவீடன் நாட்டில் ஃபாலுன் என்ற ஊரின் பழைய செம்புச் சுரங்கத்தில் கிடைத்த இதே மாதிரி சிவப்பு மண்ணைத்தான் அங்கே நூற்றாண்டுகளாக மர வீடுகளுக்குப் பூசுகிறார்கள். நம் ஊரில் கோயில் மதிலிலும் கோலத்தின் ஓரத்திலும் இருப்பது அங்கே வீட்டுச் சுவரைக் காக்கிறது.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. உள்ளே நன்றாக இறங்கும். அரை மணி நேரம் கழித்து, இறங்காமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். இதுதான் பலரும் செய்யாதது. துடைக்காமல் விட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். மறுநாள் இரண்டாவது, அதற்கு மறுநாள் மூன்றாவது. குளிர் அதிகமாக இருந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஆறரை அடிக் கதவு ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு லிட்டர் தாராளம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போடலாம், அல்லது தண்ணீரில் முக்கி வைக்கலாம்.

கடைசியாக, கதவின் அடி விளிம்பு. கதவைக் கழற்றச் சொல்வதே இதற்காகத்தான். சட்டத்தின் கால்கள் கீழே முடியும் இடத்தில் மரத்தின் குழாய்கள் திறந்தபடி இருக்கும். மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகத்தில் அது தண்ணீரை உறிஞ்சும். தினமும் காலையில் வாசல் தெளிக்கிறோம். அந்தத் தண்ணீர் தெறிப்பது அங்கேதான். கதவின் முகத்துக்கு மூன்று பூச்சு பூசி, கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்பைச் சும்மா விட்டால், செலவில் பாதி வீண். அடி விளிம்பும் மேல் விளிம்பும் எண்ணெய் குடிக்கும்வரை குடிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு நாள்

இவ்வளவு செய்தாலும் இது என்றென்றைக்கும் நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு வெயிலில் மெல்லத் தேயும். அதன் அழகே அது உரியாமல் தேய்வதுதான். மறு ஆண்டு பங்குனியில் கதவைக் கழுவி, காயவிட்டு, லேசாக 120 தாள் காட்டி, ஒரே ஒரு பூச்சு பூசித் துடைத்தால் போதும். ஒரு நாள் வேலை. வார்னிஷ் போட்டவர்களோ முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

நார்வேயில் போர்குண்ட் என்ற ஊரில் 1200-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய மரத் தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. எண்ணூறு ஆண்டு பனியும் மழையும் பார்த்த மரம். அங்கே மந்திரம் எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் ஏறி, பைன் மரத் தார் பூசுகிறார். அவ்வளவுதான். விட்டுவிடாமல் செய்ததுதான் அதைக் காப்பாற்றியது.

இரும்புக் கதவு போடுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காப்பித் தோட்டத்திலும் மிளகு பறிப்பிலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்கு நான்கு நாள் என்பது நான்கு நாள் கூலி. பூட்டினால் உறுதியாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் நியாயம்தான். ஆனால் பனி படியும் ஊரில் இரும்பும் சும்மா இருக்காது. பெயிண்ட் அடிக்காவிட்டால் மூன்றாவது மழைக்காலத்தில் கீழ் மூலையில் துரு தெரியும். பராமரிப்பு இல்லாத கதவு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. எதைப் பராமரிக்கப் போகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பழைய கதவில் இருப்பது நிதானமாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம். இன்று கடையில் கிடைக்கும் மரத்தில் பெரும்பாலானது சீக்கிரம் வளர்த்துச் சீக்கிரம் வெட்டியது. ஓரத்தில் இருக்கும் வெளுத்த பகுதி அதில் அதிகம், கறையானும் பூஞ்சையும் முதலில் தேடி வருவது அதைத்தான். பழைய கதவை விறகாக்கிவிட்டால், பணம் இருந்தாலும் அதே தரத்தில் இன்னொன்று வாங்குவது கடினம். தாத்தா நட்ட பலா மரத்தின் பழத்தை மூன்று தலைமுறை சாப்பிட்டு, கடைசியில் அதன் வைரத்தில் செய்த கதவு என்றால், அதை அடுப்பில் வைப்பதற்கு முன்பு ஒரு முறையாவது யோசிக்கலாம்.

யோசிப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு ஆணியும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும். பெயிண்ட் இல்லாத வெளுத்த கதவு என்றால், கையகல இடத்தில் சாம்பல் தோலைத் தேய்த்துப் பாருங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் அந்த இடத்தை நனைத்துச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மரமே மீதியைச் சொல்லிவிடும்.